இடது பாராடியோடினல் ஹெர்னியா: வலி இல்லாத நாளில் ஆபரேஷன் எதற்கு?

உங்கள் கேள்வியை ஒருமுறை தொகுத்துக்கொள்கிறேன். தம்பிக்கு 27 வயது. நாலு வருடமாகச் சாப்பிட்ட பிறகு இடது மேல்வயிற்றில் வலி, சில நாள் வாந்தி, அப்புறம் தானாகவே சரியாகிவிடும். எண்டோஸ்கோபி இரண்டு முறை, வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் மூன்று முறை, எல்லாம் நார்மல். போன வாரம் வலி வந்த இரவிலேயே சி.டி. எடுத்ததில் ‘இடது பாராடியோடினல் ஹெர்னியா’ (சிறுகுடலின் தொடக்கப் பகுதியான டியோடினத்துக்குப் பக்கத்தில் வரும் உள் குடலிறக்கம்) என்று அறிக்கை வந்திருக்கிறது. இப்போது வலியே இல்லை. பார்த்த டாக்டர் ஆபரேஷன் வேண்டும் என்கிறார். வீட்டுப் பெரியவர்களோ, ‘குடலிறக்கம்னா வெளியே கட்டி தெரியணுமே, இவனுக்கு ஒண்ணும் தெரியலையே’ என்கிறார்கள்.

என் பதில்: ஆபரேஷன் செய்துகொள்ளட்டும். அதுவும் வலி இல்லாத இந்த நாட்களிலேயே, தேதி குறித்து. படத்தை நான் பார்க்கவில்லை, நீங்கள் எழுதியதை வைத்துத்தான் சொல்கிறேன். குடல் அறுவை சிகிச்சை செய்கிறவன் என்ற முறையில் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று விளக்க வேண்டும், கொஞ்சம் நீளும்.

பெரியவர்கள் சொல்வது தொடை இடுக்கிலோ தொப்புளிலோ வரும் குடலிறக்கத்தை. அங்கே வயிற்றுச் சுவரில் ஒரு பலவீனமான இடம் இருக்கும், இருமினால் குடல் அதன் வழியாகப் புடைத்துக்கொண்டு வரும், கையால் தொட்டுப் பார்க்கலாம். உங்கள் தம்பிக்கு இருப்பது வயிற்றுக்கு உள்ளேயே நடக்கும் இறக்கம். குடல் வெளியே எங்கும் வருவதில்லை. வயிற்றுக்குள் இருக்கும் ஒரு குழிக்குள்ளோ மடிப்பில் உள்ள ஓட்டைக்குள்ளோ நுழைந்துகொள்கிறது. அதனால் கட்டி தெரியாது. கைவைத்துப் பார்க்கும் டாக்டருக்கும் பெரும்பாலும் ஒன்றும் தட்டுப்படாது.

அரிதுதான். சடலப் பரிசோதனைகளில் 0.2 முதல் 0.9 சதவீதம் பேரிடம் இருந்ததாகச் சொல்கிறார்கள். சிறுகுடல் அடைப்புக்கான காரணங்களில் அதிகம் போனால் நூற்றுக்கு ஆறு. நூல்களில் உள்ள பழைய கணக்குப்படி உள் குடலிறக்கங்களில் பாதிக்கு மேல் பாராடியோடினல் வகை, அதில் நாலில் மூன்று பங்கு இடது பக்கம். ஆக உங்கள் தம்பிக்கு வந்திருப்பது அரியவற்றுள் அடிக்கடி வருவது.

எப்படி வருகிறது? கரு வளரும்போது குடல் வயிற்றுக்குள் இடம் போதாமல் ஆறாவது வாரம் வாக்கில் தொப்புள்கொடிக்குள் போய்விடும். அங்கிருந்து பத்தாவது வாரம் வாக்கில் திரும்பி வந்து, மொத்தமாக 270 டிகிரி சுற்றித் தன் இடத்தில் அமரும். அப்புறம் பெருங்குடலைத் தாங்கும் மடிப்பு பின்சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். இடது பக்கத்தில் அது சரியாக ஒட்டாமல் விட்டால் டியோடினம் முடிந்து சிறுகுடலின் அடுத்த பகுதி தொடங்கும் வளைவுக்குப் பக்கத்தில் ஒரு பை உண்டாகும். லான்ட்செர்ட் குழி என்பது அதன் பெயர். சுமார் 2 சதவீதம் பேருக்கு இந்தக் குழி இருக்கிறது, ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அதில் எதுவும் நுழைவதில்லை. பிராக் நகரில் நோய்க்கூறியல் அறிஞராக இருந்த டிரைட்ஸ் 1857இலேயே இந்த வகை இறக்கங்களைப் பற்றி ஒரு தனி நூல் எழுதியிருக்கிறார். அந்த வளைவைத் தூக்கிப் பிடிக்கும் நாருக்கும் அவர் பெயர்தான். அந்தக் காலத்தில் இதைக் கண்டுபிடிப்பதென்றால் இறந்த பிறகு அறுத்துப் பார்ப்பது ஒன்றுதான் வழி.

நாலு வருடம் ஏன் யாருக்கும் தெரியவில்லை என்பது உங்கள் வருத்தம். நியாயமானது. ஆனால் அந்த டாக்டர்கள் எல்லோரையும் குறை சொல்ல என்னால் முடியவில்லை. சாப்பிட்டதும் குடல் நிரம்பி அசையும்போது பைக்குள் இன்னும் கொஞ்சம் நுழையும், வலிக்கும், வாந்தி வரும். பட்டினி கிடந்தாலோ படுக்கும் விதத்தை மாற்றினாலோ வெளியே நழுவிவிடும். மறுநாள் டாக்டரிடம் போகும்போது வயிறு மெத்தென்று இருக்கும். எண்டோஸ்கோபி போகும் தூரம் இரைப்பையும் டியோடினத்தின் தொடக்கமும்தான், பிரச்சினை அதைத் தாண்டி இருக்கிறது. அல்ட்ராசவுண்டில் குடலுக்குள் உள்ள வாயு பின்னால் இருப்பதை மறைத்துவிடும். அல்சர், கேஸ், மன அழுத்தம் என்று மாத்திரை மாறிக்கொண்டே போகும். நம் ஊரில் இன்னொன்றும் உண்டு: விட்டு விட்டு வரும் குடல் அடைப்பு என்றாலே குடல் காசநோய்ச் சந்தேகம் முதலில் வரும். அது தவறும் இல்லை, இங்கே காசநோய் அதிகம். சிறுகுடல் முழுவதையும் ஒரு தடித்த சவ்வு கூடு போல மூடிக்கொள்ளும் நோயும் ஸ்கேனில் இதைப் போலவே ஒரு பைக்குள் குடல் திரண்டிருப்பதாகக் காட்டி ஏமாற்றும். எனவே திசுப் பரிசோதனையோ வேறு சான்றோ இல்லாமல் ஆறு மாதக் காசநோய் மாத்திரையைத் தொடங்கும் முன், வலிக்கும் நேரத்தில் ஒரு நல்ல சி.டி. எடுத்துவிடுவது உத்தமம்.

‘வலிக்கும் நேரத்தில்’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். நரம்பில் மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேன்தான் இந்த நோய்க்கு முதன்மைப் பரிசோதனை. வலி தணிந்த பிறகு எடுத்தால் அதுவும் சுத்தமாக இருக்கலாம். உங்கள் தம்பி விஷயத்தில் யாரோ ஒருவர் அந்த இரவிலேயே ஸ்கேனுக்கு அனுப்பியிருக்கிறார். அவருக்கு ஒரு நன்றி சொல்லுங்கள்.

படத்தில் நாங்கள் தேடுவது இதுதான். இரைப்பைக்கும் கணையத்துக்கும் நடுவில், இடது பக்கமாக, சிறுகுடல் வளையங்கள் பைக்குள் திணித்ததுபோல் ஒரு திரளாக இருக்கும். சாதாரணமாகச் சிறுகுடல் வயிறு முழுக்கத் தளர்வாகப் பரவிக் கிடக்கும். இங்கே ஒரே மூலையில், உருண்டையான எல்லையோடு இருக்கும். அதற்குப் போகும் ரத்தக் குழாய்கள் எல்லாம் ஒரு வாயில் சேர்ந்து நெருக்கமாக நுழையும், புடைத்தும் இருக்கும். இன்னொரு அடையாளம் எனக்கு மிகவும் பிடித்தது: இடது பெருங்குடலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் சிரை ஒன்று உண்டு, ஐ.எம்.வி. என்போம். அது அந்தப் பையின் வாய் விளிம்பிலேயே ஓடுகிறது. ஸ்கேனில் அது வழக்கமான இடத்தை விட்டு முன்னால் தள்ளப்பட்டுத் திரளின் மேல் ஏறிப் போவதாகத் தெரிந்தால் சந்தேகம் கிட்டத்தட்டத் தீர்ந்துவிடும்.

இந்த விளிம்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அறுவை சிகிச்சையின் சிரமம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

அதற்கு முன், ‘இப்போது வலி இல்லையே’ என்பதற்கு வருகிறேன். பாராடியோடினல் இறக்கம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாழ்நாளில் குடல் அடைப்பு வரும் என்று அறுவை நூல்களில் வெகுகாலமாக ஒரு கணக்கு உண்டு. சிறிய எண்ணிக்கையிலான நோயாளிகளை வைத்துச் சொன்னது, அதனால் அதை நான் வேதமாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் உங்கள் தம்பிக்கு நாலு வருடமாகத் தொந்தரவு இருக்கிறது, குடல் உள்ளே போய் வந்துகொண்டே இருக்கிறது. ஒருநாள் போனது திரும்பாமல் போகலாம்.

திரும்பாவிட்டால் என்ன ஆகும்? குறுகிய வாயில் குடல் மாட்டிக்கொண்டால் முதலில் நெரிபடுவது சிரை. அதற்குள் அழுத்தம் குறைவு, சுவரும் மெல்லியது. தமனி வழியாக ரத்தம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும், வெளியே வர வழி இருக்காது. குடல் ரத்தம் கட்டி வீங்கி, கத்தரிக்காய் நிறத்துக்கு வரும். வீங்க வீங்க வாய் இன்னும் இறுகும். கடைசியில் தமனியும் நின்றுவிடும். தொடக்கம் முதல் அழுகல் வரை ஒருசில மணி நேரத்தில் முடிந்துவிடக்கூடும். நெரிந்த குடலைக் கவனிக்காமல் விட்டால் பாதிப் பேருக்கு மேல் இறந்துபோகிறார்கள் என்பதுதான் பதிவாகியிருக்கும் அனுபவம். தேதி குறித்துச் செய்யும் ஆபரேஷனில் மூன்று நாலு சிறு துளைகள், சில தையல், இரண்டு மூன்று நாளில் வீடு. நள்ளிரவில் அழுகிய குடலோடு வந்தால் பெரிய வெட்டு, குடலின் ஒரு பகுதியை எடுப்பது, ஐ.சி.யூ. இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் மிகப் பெரியது.

வீட்டில் எல்லோருக்கும் தெரியவேண்டிய அபாய அறிகுறிகள் சில உண்டு. வழக்கமாக விட்டு விட்டு வரும் வலி, இடைவெளியே இல்லாமல் தொடர்ந்து வலிப்பது. தொட்டுப் பார்த்தால் வயிறு மெத்தென்றுதான் இருக்கும், ஆனால் ஆள் துடிப்பார். நாடி வேகமாக ஓடும். ஊசி போட்டும் வலி அடங்காது. வாயு பிரியாது, பச்சையாக வாந்தி வரும். காய்ச்சல், வயிறு கல் போல் ஆவது, மலத்தில் ரத்தம் இவையெல்லாம் தாமதமாக வருபவை. அவற்றுக்காகக் காத்திருக்கக் கூடாது. ரத்தத்தில் லாக்டேட் (திசுவுக்கு ஆக்சிஜன் போதாதபோது ஏறும் பொருள்) அளவு நார்மலாக இருந்தது என்று நிம்மதி அடைவதும் ஆபத்து, குடல் நெரிந்திருக்கும்போதே அது நார்மலாக இருக்கக்கூடும். அப்புறம், ஊர்ப்பக்கம் ‘குடலேற்றம்’ என்று விளக்கெண்ணெய் தடவி வயிற்றை வழிப்பார்கள். இந்த வலிக்கு அதைச் செய்ய விடாதீர்கள். நெரிந்து நொந்திருக்கும் குடலை அழுத்துவது அபாயம், போகும் நேரமும் திரும்பாது.

சரி, ஆபரேஷன். மயக்கம் கொடுக்கும் முன் குடல் அடைப்பு இருந்தால் மூக்கு வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைக் காலி செய்வோம். இல்லாவிட்டால் மயக்கத்தின்போது வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும். உங்கள் தம்பி போல அமைதியான நாளில் வருபவருக்கு லேப்ராஸ்கோப்பியே (சிறு துளைகள் வழியாகக் கேமரா விட்டுச் செய்வது) நல்லது. குடல் மிகவும் உப்பியிருந்தாலோ அழுகல் சந்தேகம் இருந்தாலோ வயிற்றைத் திறப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. லேப்ராஸ்கோப்பியில் தொடங்கி நடுவில் திறக்க நேர்ந்தால் அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உள்ளே போனதும் புதியவர்கள் செய்யும் தவறு, உப்பிய குடலைப் பிடித்து இழுப்பது. அது ஈரக் காகிதம் போலக் கிழியும். நான் சிறுகுடலின் கடைசிப் பகுதியில், பெருங்குடலோடு சேரும் இடத்தில் தொடங்குவேன். அந்த இடம் எப்போதும் ஒரே இடத்தில் இருக்கும், அடைப்புக்குப் பின்னால் இருப்பதால் சுருங்கியும் இருக்கும். அங்கிருந்து கைமாற்றிக் கைமாற்றி மேல்நோக்கி வந்தால் பையின் வாய்க்குத் தானாகவே வந்து சேரலாம். இடது வகையில் டியோடினம் பின்பக்கமாகவே பைக்குள் போய்விடுவதால் வாய் வழியாக வெளியே வருவது குடலின் கீழ்முனை மட்டும்தான். அதை மெதுவாக இழுத்தால் பெரும்பாலும் மிச்சம் எல்லாம் பின்னாலேயே வரும். இரண்டு மீட்டர் குடல் ஒரு சிறிய வாயிலிருந்து சரசரவென்று வெளிவருவதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

வராவிட்டால் வாயைப் பெரிதாக்க வேண்டும். இங்கேதான் அந்த விளிம்பு. முன்பக்க விளிம்பில் ஐ.எம்.வி. சிரையும் அதோடு இடது பெருங்குடலுக்கு மேலேறிப் போகும் தமனியும் ஓடுகின்றன. கண்ணை மூடிக்கொண்டு கத்தியை வைத்தால் வயிறு ரத்தத்தால் நிரம்பும். ரத்தக் குழாய் இல்லாத கீழ்ப்பக்கமாகத் திறக்கலாம். வேறு வழியே இல்லையென்றால் ஐ.எம்.வி.யைக் கட்டி வெட்டலாம், பெருங்குடலின் ரத்தம் வேறு வழிகளில் திரும்பிவிடும், ஒன்றும் ஆகாது. தமனியைக் காப்பாற்றவே முயல வேண்டும்.

வலது பக்க வகையில் கதையே வேறு. அங்கே வாயின் முன்விளிம்பில் இருப்பது சிறுகுடல் முழுவதற்கும் ரத்தம் கொடுக்கும் தமனி, எஸ்.எம்.ஏ. அதைத் தொட்டால் முடிந்தது. அதனால் வாயில் கைவைக்காமல், வலது பெருங்குடலை அதன் வெளிப்பக்கத்தில் விடுவித்து இடப்பக்கம் புரட்டிவிடுவோம். பையின் சுவரே திறந்து, வயிற்றோடு ஒன்றாகிவிடும். சிறுகுடல் வலப்பக்கம், பெருங்குடல் இடப்பக்கம் என்று அமையும், அதோடு வாழ எந்தச் சிக்கலும் இல்லை. கல்லீரலுக்குக் கீழே இருக்கும் வின்ஸ்லோ துவாரத்தில் குடல் மாட்டினால் இன்னும் மோசம்: அதன் முன்விளிம்பில் போர்ட்டல் சிரை, கல்லீரல் தமனி, பித்தக்குழாய் மூன்றும் உண்டு. அங்கே வெட்டவே முடியாது. இரைப்பைக்குப் பின்னால் உள்ள அறையைத் திறந்து குடலை அந்தப் பக்கத்திலிருந்து தள்ளுவோம், தேவைப்பட்டால் ஊசியால் வாயுவை எடுத்துச் சுருக்குவோம். முன்னால் குனிந்து உட்கார்ந்தால் வலி குறைகிறது என்று இந்த வகை நோயாளிகள் சிலர் சொல்வார்கள்.

குடல் வெளியே வந்ததும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெதுவெதுப்பான ஈரத்துணியால் மூடி, மயக்க மருத்துவரை முழு ஆக்சிஜன் கொடுக்கச் சொல்லிவிட்டுப் பொறுத்திருப்போம். நிறம் திரும்புகிறதா, கிள்ளினால் அசைகிறதா, தாங்கும் மடிப்பில் நாடி தெரிகிறதா? பச்சையாக ஒளிரும் சாயத்தை நரம்பில் செலுத்தி ரத்த ஓட்டத்தைத் திரையில் பார்க்கும் வசதியும் இப்போது உண்டு. சந்தேகமான நீளம் அதிகம் இருந்தால் எல்லாவற்றையும் வெட்டித் தள்ளாமல், கெட்டதை மட்டும் எடுத்துவிட்டு 24 முதல் 48 மணி நேரத்தில் மறுபடி திறந்து பார்ப்பதே என் வழக்கம். சிறுகுடல் இரண்டு மீட்டருக்குக் கீழே போய்விட்டால் சாப்பாடு உடம்பில் ஒட்டுவதே போராட்டம் ஆகிவிடும், அதனால் ஒவ்வொரு அங்குலமும் முக்கியம்.

கடைசியாக வாயை மூடுவது. கரையாத நூலில், மேல் சவ்வை மட்டும் பிடித்துத் தையல். ஊசி ஆழமாகப் போனால் மறுபடி அதே சிரைதான் குத்துப்படும். வலை வைப்பார்களா என்று நிறையப் பேர் கேட்பார்கள். தொடை இடுக்குக் குடலிறக்கத்துக்கு வைக்கும் வலை இங்கே தேவையில்லை, குடல் அதில் ஒட்டிப் புதிய தொல்லை வரும்.

இந்தப் பதிலைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு பகுதி. இன்று நாங்கள் பார்க்கும் உள் குடலிறக்கங்களில் நிறைய, பிறவியில் வந்தவை அல்ல. உடல் எடையைக் குறைக்க இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலை அதோடு இணைப்பது) செய்தவர்களுக்கும், புற்றுநோய்க்காக இரைப்பையை எடுத்துக் குடலைத் தூக்கி இணைத்தவர்களுக்கும் வருபவை. இணைப்புக்குப் பின்னால் ஏற்படும் இடைவெளிக்கு, 1900இல் அதை விவரித்த ஜெர்மன் அறுவை மருத்துவரின் பெயரில் பீட்டர்சன் இடைவெளி என்று பெயர். எடை வேகமாகக் குறையும்போது மடிப்புகளில் உள்ள கொழுப்பும் கரையும், அன்று சிறியதாக இருந்த இடைவெளி ஒரு வருடத்தில் பெரிதாகிவிடும். இந்த இடைவெளிகளைத் தைத்து மூடுவதா வேண்டாமா என்று வெகுநாள் வாதம் நடந்தது. சுவீடனில் 12 மருத்துவமனைகளில் 2,500 பேருக்கு மேல் வைத்து நடத்திய ஆய்வு 2016இல் வெளிவந்தது: மூடியவர்களில் மூன்று வருடத்தில் அடைப்புக்காக மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டது 5.5 சதவீதம், மூடாதவர்களில் 10.2. ஆனால் மூடியவர்களுக்கு முதல் 30 நாளில் கடுமையான சிக்கல்கள் சற்று அதிகம், 2.8க்கு 4.3. தையல் இழுத்து இணைப்பு மடங்கிவிடுவதுதான் முக்கியக் காரணம். நான் மூடும் கட்சி.

இந்த நோயாளிகளிடம் ஸ்கேன் நார்மல் என்றால் நம்பக்கூடாது என்று நான் பட்டுத்தான் கற்றேன். பைபாஸ் முடிந்து ஒன்றரை வருடம் ஆன ஒரு பெண், மாலையில் வலியோடு வந்தார். சி.டி. அறிக்கை நார்மல் என்றது. நானும் படத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்றேன். காலையில் ஒரு முழத்துக்கு மேல் குடலை எடுக்க வேண்டியதாயிற்று. பிறகு அதே படத்தைத் திரும்பப் பார்த்தபோது, தாங்கும் மடிப்பின் ரத்தக் குழாய்கள் சுழித்துக்கொண்டு இருந்தது பளிச்சென்று தெரிந்தது. அவர் பிழைத்தார், அது அவருடைய அதிர்ஷ்டம். அதிலிருந்து பைபாஸ் செய்தவர் வலி என்று வந்து, வலி அடங்கவில்லையென்றால், படம் என்ன சொன்னாலும் லேப்ராஸ்கோப் வைத்துப் பார்த்துவிடுகிறேன். பைபாஸ் செய்த கர்ப்பிணிகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். கருப்பை பெரிதாகிக் குடலை மேலே தள்ளும், வாந்தியும் வலியும் மசக்கைக் கணக்கில் போய்விடும்.

உங்கள் தம்பிக்குத் திரும்புகிறேன். எந்த மருத்துவமனை என்று கேட்டிருந்தீர்கள், தனியார் பெயர் எதையும் சொல்ல மாட்டேன். பொது அறுவை மருத்துவர் எல்லோரும் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள், குடல் அறுவை சிகிச்சைக்கென்று தனித் துறை உள்ள இடமாகப் பாருங்கள். சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் அப்படித் துறை இருக்கிறது. போகும்போது அறிக்கைத் தாள் மட்டும் போதாது, சி.டி. படம் முழுவதும் உள்ள டிஸ்க்கை எடுத்துக்கொண்டு போங்கள். அறுவை மருத்துவர் அந்த ஐ.எம்.வி. எங்கே ஓடுகிறது என்று தானே பார்க்க வேண்டும். ‘வாயை மூடுவீர்களா, பையைத் திறந்து விடுவீர்களா, சிரை குறுக்கே வந்தால் என்ன செய்வீர்கள்’ என்று கேளுங்கள். தயங்காமல் பதில் சொல்கிறவரிடம் செய்துகொள்ளலாம்.

அதுவரை ஒரே நேரத்தில் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடட்டும். தேதிக்கு முன்னால் வலி வந்தால் தண்ணீர்கூடக் கொடுக்காமல், வீட்டில் வலி மாத்திரை போட்டுப் பார்க்காமல், அந்த டிஸ்க்கோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அங்கே இருக்கும் டாக்டரிடம் ‘வயிற்று வலி’ என்று தொடங்காமல், ‘இன்டர்னல் ஹெர்னியா இருக்கிறது, போன வாரம் சி.டி.யில் தெரிந்தது’ என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.